வரி மோசடி வழக்கும் பிணையும்: காணியை விற்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கேள்வி: என் தம்பி ஸ்ரான்லி வீதியில் கட்டடப் பொருள் கடை நடத்துகிறார். நடக்காத கொள்வனவுகளுக்குப் பற்றுச்சீட்டுக் காட்டி வற் எனப்படும் பெறுமதி சேர் வரியைக் குறைத்தார் என்றும், ஒருமுறை மீளளிப்புப் பணமும் பெற்றார் என்றும் முறைப்பாடு. பொலிஸார் கைது செய்து நீதவான் முன் நிறுத்தினார்கள். பிணை கேட்டோம், மறுக்கப்பட்டது. 14 நாள் விளக்கமறியல். அவருடைய மனைவி கனடாவில் இருக்கிறார், பிள்ளைகள் இருவரும் எங்கள் அம்மாவுடன் இங்கே. கேட்கும் வரி முழுவதையும் கட்டினால் அன்றைக்கே விடுவார்கள் என்று ஒருவர் சொல்வதால் அம்மாவின் சீதனக் காணியை விற்க யோசிக்கிறோம். சென்னையில் உள்ள உறவினர் 60 நாளில் பிணை தானாகவே கிடைக்கும் என்கிறார். கடையின் கணக்கு எழுதியவரைப் போய்ச் சந்தித்துச் சாதகமாகச் சொல்லக் கேட்கும்படியும் சிலர் சொல்கிறார்கள். என் கணவரின் பெயரும் அந்தக் கடையில் பங்காளராக இருக்கிறது. அவரையும் பிடிப்பார்களோ என்று பயமாக இருக்கிறது. நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
வாசகி, கோண்டாவில்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

தம்பி உள்ளே இருக்கும்போது வீட்டில் ஒருவருக்கும் சோறு இறங்காது என்பதை நான் அறிவேன். ஆயினும் உங்கள் கேள்விகளுள் ஒன்றுக்கு முதலில் பதில் சொல்லியாக வேண்டும். மற்றவற்றில் பிழை நேர்ந்தால் நீதிமன்றத்தில் திருத்திக்கொள்ள வழியுண்டு, அதில் நேர்ந்தால் வழியில்லை. தாயாரின் சீதனக் காணியை இப்போது விற்க வேண்டாம். வரி கட்டிய பற்றுச்சீட்டை நீதவானிடம் நீட்டியவுடன் தம்பி வீட்டுக்கு வந்துவிடுவார் என்று உங்களுக்குச் சொன்னவர், வேறொரு வகை வழக்கை இந்த வழக்கோடு சேர்த்துக் குழப்பியிருக்கிறார்.

நிலுவையாக நிற்கும் வரியை அறவிடுவதற்காக உள்நாட்டு இறைவரி ஆணையாளர் நாயகம் நீதவானுக்குச் சான்றிதழ் ஒன்றை அனுப்பும் நடைமுறை எங்கள் வரிச் சட்டங்களில் உண்டு. அதன் பேரில் வியாபாரிக்கு அழைப்பாணை வரும். வரியை ஏன் அறவிடக் கூடாது என்பதற்கு அவர் தகுந்த காரணம் காட்டாவிட்டால், அந்தத் தொகை நீதவான் விதித்த தண்டப்பணத்தைப் போலவே கருதப்பட்டு அறவிடப்படும். தவணை கேட்டுக் கட்டலாம், கட்டி முடித்தால் வழக்கும் முடிந்துவிடும். நீதிமன்றத்துக்கு வந்து தவணைப் பணம் கட்டிவிட்டுப் போகும் வியாபாரிகளைப் பார்த்துப் பழகியவர்கள்தாம் 'கட்டினால் விடுவார்கள்' என்று சொல்கிறார்கள். உங்கள் தம்பி மீது உள்ளதோ அறவீட்டு வழக்கு அன்று. பொய்யான ஆவணத்தைக் காட்டி அரசை ஏமாற்றினார் என்பது குற்றச்சாட்டு. பணம் திரும்பி வந்துவிட்டாலும், ஏமாற்றினாரா இல்லையா என்ற கேள்வி நின்றுகொண்டேதான் இருக்கும்.

ஆகவே நீங்கள் முதலில் கையில் எடுக்க வேண்டியது காணி உறுதியை அன்று, வழக்கின் உண்மைகளை அறிவித்துப் பொலிஸார் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பி அறிக்கையின் பிரதியை. பிணை மறுத்து நீதவான் இட்ட கட்டளையின் உறுதிப்படுத்திய பிரதியையும் சேர்த்து, உங்கள் சட்டத்தரணி மூலம் விண்ணப்பித்துப் பெற்றுக்கொள்ளுங்கள். தொகை எவ்வளவு என்பதைத்தான் குடும்பத்தினர் எல்லோரும் கேட்கிறார்கள். ஆனால் பிணைக்கான வாய்ப்பைத் தீர்மானிப்பதில் தொகையைவிட முக்கியமானது, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் உண்மைகள் அறிக்கையிடப்பட்டுள்ளன என்பது. ஒரே பற்றுச்சீட்டை வைத்து மூன்று வெவ்வேறு சட்டங்களின் கீழ் வழக்குக் கொண்டுவரலாம். மூன்றிலும் பிணைக்கான வழி ஒன்றல்ல.

வரிச் சட்டத்தின் கீழான குற்றம் மட்டும் சொல்லப்பட்டிருந்தால் நிலைமை ஒப்பீட்டளவில் இலகுவானது. அவை பெரும்பாலும் நீதவானே விசாரித்துத் தண்டிக்கக்கூடிய குற்றங்கள். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் முதலாம் அட்டவணையில் அந்தக் குற்றம் பிணை வழங்கத்தக்கதாகக் காட்டப்பட்டுள்ளதா என்பதை உங்கள் சட்டத்தரணி பார்த்தவுடனேயே பாதி விடயம் தெளிந்துவிடும். ஏமாற்றுதல் தொடர்பான தண்டனைச் சட்டக்கோவையின் 403 ஆம் பிரிவு, ஏமாற்றும் நோக்கில் போலி ஆவணம் தயாரித்தல் தொடர்பான 457 ஆம் பிரிவு ஆகியவை சேர்க்கப்பட்டிருந்தால், 7 ஆண்டுகள் வரையான சிறைத்தண்டனைக்குரிய குற்றங்கள் என்பதால் விடயம் சற்று இறுகும். அப்போதும் 1997 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கப் பிணைச் சட்டமே ஆளும். அச்சட்டத்தின் 2 ஆம் பிரிவு, பிணை வழங்குவதே விதி, மறுப்பது விதிவிலக்கு என்று ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது.

கடினமானது மூன்றாவது வழி. 1982 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பொதுச் சொத்துகளுக்கு எதிரான குற்றங்கள் சட்டம் பி அறிக்கையில் இடம்பெற்று, சம்பந்தப்பட்ட சொத்தின் பெறுமதி சட்டம் குறித்த தொகைக்கு மேற்பட்டது என்று உயர் பொலிஸ் அதிகாரி ஒருவரின் சான்றிதழும் சேர்க்கப்பட்டிருந்தால், விதியும் விதிவிலக்கும் இடம் மாறிவிடும். அப்போது விளக்கமறியலே விதி. விதிவிலக்கான சூழ்நிலைகள் உள்ளன என்று நீதவான் திருப்தியடைந்து, அதற்கான காரணத்தைப் பதிவுசெய்தால் மாத்திரமே பிணை வழங்கலாம். அந்தச் சட்டத்தின் கீழ் குற்றவாளியாகக் காணப்படுபவருக்கு ஓராண்டுக்குக் குறையாத, 20 ஆண்டுகள் வரை நீளக்கூடிய சிறைத்தண்டனையும், சொத்தின் பெறுமதியைப்போல் மூன்று மடங்கு தண்டமும் உண்டு. உங்கள் தம்பியின் முதலாவது பிணை விண்ணப்பம் மறுக்கப்பட்டிருப்பதைப் பார்க்கும்போது, இந்தச் சட்டம் அறிக்கையில் இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன்.

இச்சட்டம் எப்படி வேலை செய்கிறது என்பதை நாடே பார்த்த சந்தர்ப்பம் ஒன்று அண்மையில் வந்தது. முன்னாள் சனாதிபதி ரணில் விக்கிரமசிங்க 2025 ஓகஸ்ட் 22 ஆம் திகதி கைது செய்யப்பட்டபோது பொதுச் சொத்துச் சட்டமும் அந்த வழக்கில் இருந்தது. 26 ஆம் திகதி கோட்டை நீதவான் நீதிமன்றம் அவருடைய உடல்நிலையைக் கருத்தில் எடுத்து, தலா 50 இலட்சம் ரூபாய் பெறுமதியான மூன்று சரீரப் பிணைகளில், அதாவது ஆட்கள் பொறுப்பேற்று நிற்கும் பிணைகளில், அவரை விடுவித்தது. பெரிய மனிதர் என்றபடியால் விட்டார்கள் என்று சந்தியில் கதைப்பவர்கள் கதைக்கட்டும். உங்களுக்குப் பயன்படுவது, மருத்துவ அறிக்கைகள் போன்ற எழுத்து ஆதாரங்கள் முன்வைக்கப்பட்டால் இந்தச் சட்டத்தின் கீழும் பிணைக்கு இடமுண்டு என்பதே. தம்பிக்கு நோய் ஏதும் இருந்தால், யாழ் போதனா வைத்தியசாலையின் கிளினிக் கொப்பி, இறுதியாகச் செய்த பரிசோதனை முடிவுகள், உட்கொள்ளும் மருந்துகளின் விபரம் ஆகியவற்றைத் திரட்டிக் கொடுங்கள். 'அவருக்கு சுகமில்லை' என்ற வாய்ப்பேச்சு போதாது. இல்லாத நோயை உருவாக்கவும் வேண்டாம். சிறைச்சாலை வைத்தியரின் அறிக்கையோடு அது முரண்பட்டால், பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

பொதுச் சொத்துச் சட்டம் உங்கள் தம்பிக்குப் பொருந்துமா என்பதிலேயே வாதத்துக்கு நிறைய இடமிருக்கிறது. உங்கள் கடிதத்தில் இரண்டு செயல்கள் ஒன்றாகச் சொல்லப்பட்டுள்ளன. பொய்யான கொள்வனவைக் காட்டி, செலுத்த வேண்டிய வரியைக் குறைத்துச் செலுத்தியது ஒன்று. மீளளிப்பு என்று கேட்டு அரசிடமிருந்து காசு வாங்கியது மற்றொன்று. இரண்டாவதில் அரசின் கருவூலத்திலிருந்த பணம் வெளியே போயிருக்கிறது, அது பொதுச் சொத்து என்பதை மறுப்பது கடினம். முதலாவதில் வியாபாரியின் கையிலிருந்த பணம் அவர் கையிலேயே இருந்துவிட்டது. அது அரசுக்கு வர வேண்டிய கடன்தான், இன்னும் அரசின் சொத்தாகிவிடவில்லை என்று வாதிடலாம். ஆகவே மீளளிப்பாகப் பெற்ற தொகை எவ்வளவு, குறைத்துக் கட்டிய தொகை எவ்வளவு என்று இரண்டையும் வெவ்வேறாகப் பிரித்துக் காட்டும் அட்டவணை ஒன்றை வேறொரு தகுதிவாய்ந்த கணக்காளரைக் கொண்டு தயாரியுங்கள்.

அந்த அட்டவணையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பற்றுச்சீட்டுகளின் முழுப் பெறுமதியையே அரசுக்கு ஏற்பட்ட நட்டமாகப் பி அறிக்கையில் எழுதிவிடும் அபாயம் இத்தகைய வழக்குகளில் உண்டு. 2024 சனவரி 1 முதல் வற் வீதம் நூற்றுக்கு 18. ஒரு கோடி ரூபாய்க் கொள்வனவைக் காட்டும் பற்றுச்சீட்டில் உள்ள வரி 18 இலட்சம் ரூபாய், ஒரு கோடி அன்று. அதற்கு முந்திய காலத்துப் பற்றுச்சீட்டானால் வீதம் இன்னும் குறைவு. நீதவானின் முன் தொகையைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்தாலே, குற்றத்தின் பாரதூரம் பற்றிய அரச தரப்பு வாதத்தின் பலம் குறையும், பிணைத் தொகையும் அதற்கேற்ப அமையும்.

இனி, பிணைச் சட்டம் பொருந்தும் வழக்கு இது என்று வைத்துக்கொள்வோம். நீதவான் எதைப் பார்ப்பார்? 14 ஆம் பிரிவு மறுப்பதற்கான காரணங்களை வரையறுத்துச் சொல்லியிருக்கிறது. சந்தேகநபர் வழக்குக்கு வராமல் போய்விடுவார், சாட்சிகளிலோ சான்றுகளிலோ தலையிடுவார், பிணையில் இருக்கும்போது வேறு குற்றம் செய்வார், அல்லது குற்றத்தின் பாரதூரமும் அதற்கான பொதுமக்களின் எதிர்வினையும் பொது அமைதிக்குப் பாதகமாகும் என்று நம்புவதற்குக் காரணம் இருக்க வேண்டும். வரி கட்டப்படவில்லை என்பது இந்தப் பட்டியலில் இல்லை. அரசியலமைப்பின் 13 ஆம் உறுப்புரை, குற்றம் எண்பிக்கப்படும் வரை ஒருவரைச் சுற்றவாளியாகவே கொள்ள வேண்டும் என்கிறது. விளக்கமறியலை வரி அறவிடும் கருவியாகப் பயன்படுத்துவது சட்டத்துக்கு மாறானது என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வழக்கு முடிவதற்குள் குடும்பத்தை நெருக்கிப் பணத்தைக் கட்டவைத்து, அந்தக் கட்டணத்தையே பிறகு குற்ற ஒப்புதலாகக் காட்டும் நிலை எந்த வியாபாரிக்கும் வரக்கூடாது.

மேற்சொன்ன அச்சங்களுள் உங்கள் தம்பிக்கு உண்மையில் பாதகமானது, அவர் நாட்டை விட்டுப் போய்விடுவார் என்பது. மனைவி கனடாவில் இருக்கிறார். கடவுச்சீட்டில் விசா இருக்கலாம். எங்கள் மண்ணில் அரைவாசிக் குடும்பங்களுக்கு இதே நிலைதான் என்றாலும், நீதவான் அதைப் பொருட்படுத்தாமல் விட மாட்டார். இதை மறைக்க வேண்டாம், நீங்களே முந்திக்கொண்டு தீர்வையும் சேர்த்து முன்வையுங்கள். கடவுச்சீட்டை நீதிமன்றப் பதிவாளரிடம் ஒப்படைக்கவும், வெளிநாட்டுப் பயணத் தடைக்கு உடன்படவும், வாரத்தில் ஒருநாள் பொலிஸ் நிலையத்தில் கையொப்பமிடவும் அவர் தயார் என்று சத்தியக்கடதாசியில் எழுதிக் கொடுக்கலாம். பிள்ளைகள் இங்கே படிக்கிறார்கள் என்பதற்குப் பாடசாலை அதிபரின் கடிதம், கடையின் குத்தகை உடன்படிக்கை, ஊழியர்களின் சேமலாப நிதிப் பதிவு போன்றவை, அவர் இங்கே வேரூன்றியவர் என்பதைக் காட்டும். மனைவியின் வதிவிட நிலை குறித்தும் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

பிணையாளிகளைப் பற்றியும் இப்போதே யோசிக்க வேண்டும். ரொறன்ரோவில் இருக்கும் மைத்துனர் எவ்வளவு வசதியானவராக இருந்தாலும் பிணையாளியாக நிற்க முடியாது, நீதிமன்றத்துக்கு நேரில் வரக்கூடிய, இங்கே நிரந்தர வதிவிடம் உள்ளவரே தேவை. நிலையான வருமானம் உள்ள அரச ஊழியர்கள், ஓய்வூதியர்கள், சொந்தக் காணி உள்ளவர்கள் ஆகியோரின் பெயர்களை நீதிமன்றம் இலகுவில் ஏற்கும். ஒவ்வொருவரும் தேசிய அடையாள அட்டையோடு, கிராம அலுவலர் வழங்கி நல்லூர் பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட வதிவிடச் சான்றிதழையும் வைத்திருக்க வேண்டும். அடையாள அட்டையில் பழைய முகவரியும் சான்றிதழில் புதிய முகவரியும் இருந்தால் மன்றில் கேள்வி எழும், அதை முன்கூட்டியே சரிசெய்துகொள்ளுங்கள். கட்டளை கிடைத்தபின் சான்றிதழுக்காக ஓடித்திரிந்தால் அன்றைய நாள் போய்விடும். குறிப்பாக வெள்ளிக்கிழமை பின்னேரம் கட்டளை கிடைத்து, காசுப் பிணை கட்டும் நேரம் தவறினால், தம்பி திங்கட்கிழமை வரை யாழ்ப்பாணச் சிறைச்சாலையிலேயே இருக்க வேண்டிவரும். காசுப் பிணைக்குத் தரும் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வழக்கு முடிந்தபின் அந்தப் பணத்தைத் திரும்பப் பெற அது வேண்டும்.

கணக்கு எழுதியவரைச் சந்திக்கச் சொன்னவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். அவர் பெரும்பாலும் அரச தரப்புச் சாட்சி. நீங்கள் நல்ல மனதோடு 'உண்மையைச் சொல்லுங்கோ' என்று கேட்கப் போனாலும், அவருடைய வாசலில் உங்கள் வாகனம் நின்றதைப் பொலிஸார் சாட்சிகளில் தலையிட்டதாக அறிக்கையிட்டால், இருக்கும் வாய்ப்பும் கைநழுவிவிடும். அவருக்குத் தொலைபேசியில் பேசுவதும், வைபர், வட்ஸ்அப் வழியாகச் செய்தி அனுப்புவதும் அதே விளைவைத் தரும், அழித்த செய்தியையும் மீட்டெடுக்க முடியும் என்பதை மறக்க வேண்டாம். பற்றுச்சீட்டு வழங்கியதாகச் சொல்லப்படும் நிறுவனத்தாருக்கும் இது பொருந்தும். கடையின் கணினி, கொப்பிகள், வங்கிப் பதிவுகள் எல்லாவற்றையும் இருந்தபடியே வையுங்கள். இத்தகைய வழக்குகளில் பிணைக்குச் சாதகமான மிகப் பலமான வாதம், சான்றுகள் யாவும் ஆவணங்கள், அவை ஏற்கெனவே திணைக்களத்தின் கையிலும் வங்கியிலும் உள்ளன, வெளியே வந்தாலும் சந்தேகநபரால் அவற்றை மாற்ற முடியாது என்பதே. எடுத்துச் சென்றவற்றுக்குப் பொலிஸாரும் அதிகாரிகளும் கொடுத்த பற்றுச்சீட்டுகளைச் சட்டத்தரணியிடம் கொடுத்தால், இந்த வாதத்தை ஆதாரத்தோடு வைக்கலாம்.

குற்றத்தின் பாரதூரம் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 இன் நெருக்கடியில் மருந்துக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நின்ற சனங்களுக்கு, வரிப் பணத்தைப் போலிப் பற்றுச்சீட்டுக் காட்டி எடுப்பவர் மீது வரும் கோபம் நியாயமானது. நானும் அதைச் சிறிய குற்றமாகக் கருதவில்லை. ஆனால் சட்டம் சொல்லும் பொது அமைதிக் குலைவு என்பது முகநூலில் எழும் கண்டனம் அன்று. பொருளாதாரக் குற்றங்களுக்குப் பிணை கூடாது என்று வாதிடுவோர் இந்தியத் தீர்ப்புகளை எடுத்துக்காட்டுவதுண்டு. 2019 செப்டெம்பரில் அந்நாட்டின் முன்னாள் நிதியமைச்சர் சிதம்பரத்தின் முன்பிணை மனுவை, அதாவது கைதாவதற்கு முன்பே பிணை கேட்கும் மனுவை, நிராகரித்தபோது, பொருளாதாரக் குற்றங்கள் தனி வகையானவை என்ற கருத்தை இந்திய உச்ச நீதிமன்றம் ஏற்றது உண்மை. அதே ஆண்டு டிசம்பரில் அதே நீதிமன்றம் அவருக்குப் பிணை வழங்கி, பாரதூரமான பொருளாதாரக் குற்றம் என்பதற்காக எல்லா வழக்கிலும் பிணையை மறுக்க வேண்டும் என்ற விதி இல்லை என்றும் சொன்னது. 2011 இல் அலைக்கற்றை வழக்கில், விசாரணைக்கு முந்திய தடுத்துவைப்பு தண்டனையாகிவிடக் கூடாது என்று சஞ்சய் சந்திரா தீர்ப்பிலும் கூறியிருக்கிறது. இவை எங்கள் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாவிட்டாலும் மதித்து வாசிக்கப்படுபவை, உங்கள் சட்டத்தரணி அவற்றைக் கையில் வைத்திருப்பது நல்லது.

சென்னை உறவினர் சொன்ன 60 நாள் கணக்கும் இந்தியாவுக்குரியதே. அங்கே ஜீஎஸ்டி மோசடிக்கு உச்சத் தண்டனை 5 ஆண்டு. அத்தகைய குற்றத்தில் 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் பிணை பெறும் உரிமை அவர்களுடைய நடைமுறைச் சட்டத்தில் உண்டு. எங்கள் பிணைச் சட்டத்தின் 16 ஆம் பிரிவு, குற்றவாளியாகக் காணப்படாத ஒருவரைக் கைதான நாளிலிருந்து 12 மாதங்களுக்கு மேல் தடுத்துவைக்கக் கூடாது என்கிறது. அந்தக் காலத்தையும் சட்டமா அதிபரின் விண்ணப்பத்தின் பேரில் மேல் நீதிமன்றம் தடவைக்கு 3 மாதம் வீதம், மொத்தம் இன்னும் 12 மாதம் வரை நீடிக்கலாம். பொதுச் சொத்துச் சட்டத்தின் கீழான வழக்குக்கு இந்த எல்லை பொருந்தாது என்று அரச தரப்பு வாதிடவும் கூடும். நாள் எண்ணிக்கொண்டு காத்திருப்பது உங்களுக்கு வழியன்று.

வழி இரண்டு உண்டு. அடுத்த வழக்குத் தவணை நாளில், முதலாவது விண்ணப்பத்தில் சொல்லப்படாத புதிய விடயங்களோடு அதே நீதவானிடம் மீண்டும் பிணை கேட்கலாம். கடவுச்சீட்டு ஒப்படைப்பு, பிரித்துக் காட்டிய கணக்கு அட்டவணை, திணைக்களம் ஆவணங்களை எடுத்து முடித்துவிட்ட நிலை ஆகியவை அத்தகைய புதிய விடயங்கள். அல்லது யாழ்ப்பாணம் மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு மனுத் தாக்கல் செய்யலாம். என் கருத்தில், நீதவானின் மறுப்புக் கட்டளையில் காரணங்கள் தெளிவாக எழுதப்பட்டிருந்து அவற்றுக்கு உங்களிடம் பதில் இருந்தால், முதலாவது வழியே விரைவானது. கட்டளையில் சட்டப் பிழை இருந்தால், அதாவது பொருந்தாத சட்டத்தைப் பொருத்தியோ 14 ஆம் பிரிவுக்கு வெளியே போயோ மறுக்கப்பட்டிருந்தால், மேல் நீதிமன்றத்துக்குப் போகத் தாமதிக்க வேண்டாம். மீளாய்வில் தாமதத்துக்கே விளக்கம் கேட்பார்கள்.

மீண்டும் பணத்துக்கு வருகிறேன். ஒரு சதமும் கட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. உண்மையில் கட்ட வேண்டியது என்று கணக்காளர் உறுதிசெய்யும் பகுதி இருந்தால், உரிமைகளுக்குப் பங்கமின்றிச் செலுத்துவதாக எழுத்தில் குறிப்பிட்டுத் திணைக்களத்தின் கணக்குக்கு நேரடியாகக் கட்டலாம். அது பிணை விசாரணையில் நல்லெண்ணத்துக்குச் சான்றாகும். வரிச் சட்டக் குற்றங்களை ஒரு தொகை பெற்று இணக்கமாகத் தீர்க்கும் அதிகாரம் ஆணையாளர் நாயகத்துக்கு உண்டு என்பதால் பேச்சுவார்த்தைக்கும் இடமிருக்கும். ஏமாற்றுதல், போலி ஆவணம் ஆகிய குற்றச்சாட்டுகளைக் கைவிடும் அதிகாரம் அவரிடம் இல்லை. 'உள்ளுக்கை ஆள் இருக்கு, நான் முடிச்சுத் தாறன்' என்று வருபவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

இந்த அலைச்சலில் நீங்கள் கவனியாமல் விட்டிருக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். கடைக்கு வந்த கடிதங்களை இன்றே எடுத்துப் பாருங்கள். வற் மதிப்பீட்டு அறிவித்தல் வந்திருந்தால், அதற்கு எதிராக மேன்முறையீடு செய்ய 30 நாட்களே உண்டு. தம்பி விளக்கமறியலில் இருப்பதால் அந்தக் காலம் நின்றுவிடாது. கடைக் கதவுக்குக் கீழால் தபாற்காரர் தள்ளிவிட்ட ஒரு கடித உறை திறக்கப்படாமலே 30 நாள் கழிந்தால், மதிப்பீடு இறுதியானதாகிவிடும், பிறகு குற்ற வழக்கில் விடுதலையானாலும் அந்தத் தொகைக்கான அறவீட்டுச் சான்றிதழ் வரும். அதிகாரமளிக்கப்பட்ட பிரதிநிதி ஒருவர் மூலம் மேன்முறையீட்டைச் சமர்ப்பிக்கலாம். சிறைச்சாலையில் தம்பியின் கையொப்பத்தைப் பெறும் ஏற்பாட்டைச் சட்டத்தரணி செய்து தருவார்.

அதே சந்திப்பில் தம்பிக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லச் சொல்லுங்கள். பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை அவருக்கு எதிராக எண்பிக்கக் கூடாது என்று சான்றுக் கட்டளைச் சட்டம் பாதுகாக்கிறது. இறைவரி அதிகாரியிடம் எழுதிக் கொடுக்கும் கடிதத்துக்கும் அதே பாதுகாப்பு உண்டு என்று எண்ணிவிடக் கூடாது. 'பிழை நடந்துவிட்டது, கட்டிவிடுகிறேன்' என்று ஒரு வரி எழுதினால் சீக்கிரம் முடியும் என்று எவர் சொன்னாலும், சட்டத்தரணி பார்க்காமல் எதிலும் கையொப்பமிட வேண்டாம்.

உங்கள் கணவர் விடயத்தில், பிணைச் சட்டத்தின் 21 ஆம் பிரிவு முன்பிணைக்கு இடமளிக்கிறது. பிணை வழங்கத்தகாத குற்றத்துக்காகக் கைது செய்யப்படலாம் என்று நம்பக் காரணம் உள்ளவர், பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு அறிவித்தல் கொடுத்து நீதவானிடம் விண்ணப்பிக்க வேண்டும். பொதுச் சொத்துச் சட்டம் பி அறிக்கையில் இருந்தால் இந்த வழியும் அடைபட்டது என்றே அரச தரப்பு வாதிடும், ஆகவே இதற்கும் அந்த அறிக்கையைப் பார்த்தபின்பே முடிவெடுக்கலாம். பங்குடைமைப் பதிவில் பெயர் இருப்பதனால் மாத்திரம் அவர் மோசடியில் பங்கெடுத்தவராகிவிட மாட்டார். வரி அறிக்கைகளில் யார் கையொப்பமிட்டார், வங்கிக் கணக்கை யார் இயக்கினார், கொள்வனவுகளை யார் செய்தார் என்பவற்றைக் காட்டும் ஆவணங்களின் பிரதிகளைச் சத்தியக்கடதாசியோடு இணைக்க வேண்டும். அதுவரை அவர் வீட்டிலேயே இருக்கட்டும். வாக்குமூலத்துக்கு அழைத்தால் சட்டத்தரணியோடு போகட்டும். பயந்து கொழும்புக்கோ இந்தியாவுக்கோ போய் ஒதுங்கினால், அவருடைய முன்பிணை விண்ணப்பம் மாத்திரமன்றி, அடுத்த தவணையில் தம்பிக்காக நாங்கள் சொல்லப்போகும் 'இந்தக் குடும்பம் எங்கும் ஓடாது' என்ற வாதமும் சேர்ந்தே விழுந்துவிடும்.